மரத்தை அடையாளம் வைத்துச் சொன்ன வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குச் சைக்கிளில் போக ஏழு வழி இருக்கிறது. ஏழும் எனக்குத் தெரியும். பஸ் போகிற வழி ஒன்றுதான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மற்ற ஆறும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்பட்டது. பதினாறு வயதிலிருந்து மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் கேரியரில் பம்பும் சொல்யூஷனும் கட்டிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டியவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை இருக்கவில்லை. இன்றைக்கு மாடி வைத்த கடை, புது வண்டி விற்பனை, ரிப்பேருக்குத் தனியாக ஒரு ஷெட். என்னை யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆனால் இங்கே எழுதப்போவது என் வழி ஒன்று தப்பிப்போன கதை. அதையும் நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ் கிளார்க் சொல்வார். அவர் சொன்னால் கூட ரெண்டு சேர்த்துத்தான் சொல்வார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்த வருஷங்கள் அவை. எந்த நாள் பஸ் ஓடும், எந்த நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஓடிய பஸ் மத்தியானம் டிப்போவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கேட்டது நியாயமா, கேட்ட விதம் நியாயமா என்பதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, பஸ் நின்றால் என் கடையில் கூட்டம் என்பதுதான். வாடகைக்கு வைத்திருந்த இருபது சைக்கிளும் விடிவதற்குள் போய்விடும்.

அப்படிப்பட்ட ஒரு நாள் காலையில், வெள்ளிமலையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். ஐம்பது வயசிருக்கும். நரைத்த தாடி, முட்டி தெரிகிற டிராயர், தோளில் ஒரு சைக்கிள் சக்கரம். சைக்கிள் இல்லை, சக்கரம் மட்டும். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் என் கடையைக் கை காட்டினார்கள். காட்டாமல் வேறு எந்தக் கடையைக் காட்டுவார்கள்?

என் தொழிலுக்கு ஒரு வசதி உண்டு. அதில் பாதிப் பேச்சு இங்கிலீஷ்தான். ஹப், ரிம், ஸ்போக், ஆக்ஸில், கோன், ஃப்ரீவீல். அவர் சக்கரத்தைக் கீழே வைத்து "ஆக்ஸில்" என்றார். நான் கழற்றிப் பார்த்து "ஆக்ஸில் கட், ஸ்போக் ஆறு கட், கோன் ஃபினிஷ்" என்றேன். அவர் தலையாட்டினார். இங்கிலாந்துக்காரரோடு நான் நேராக இங்கிலீஷில் பேசினேன் என்று இன்றைக்கும் சொல்வேன், அது பொய்யில்லை.

அவர் முகத்தில் அவநம்பிக்கை இருந்தது. அவர் நாட்டுச் சக்கரத்துக்கு இங்கே சாமான் கிடைக்குமா என்ற யோசனை. நான் உள்ளே போய் நம் ஊர் ஆக்ஸில் ஒன்றை எடுத்துவந்து அவர் ஹப்பில் விட்டேன். அளந்து செய்தது போல் போய் உட்கார்ந்தது. நம் கம்பெனிகளுக்குத் திருகு மரை போடச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள் ஆட்கள்தான், அந்த மரை இன்னும் மாறவில்லை. நம் ஸ்போக்தான் கொஞ்சம் நீளம். ஆறையும் வெட்டி, நுனிக்குப் புதுசாக மரை போட்டு, கோணல் எடுத்து, சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டேன். அது தானாக நிற்கிறவரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சக்கரம் தயாரானபோது மணி பன்னிரண்டு. அந்த நேரத்தில்தான் பஸ் நின்றது.

தாலுகா ஆபீஸ் கிளார்க் என் கடைக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்தார். கலவரத்தால் ஆபீஸ் மூடிவிட்டால் அவருக்கு உட்கார என் கடை பெஞ்சுதான். படித்தவர். வாய் ஜாஸ்தி. துரை சொன்னதையெல்லாம் அவர்தான் தமிழில் சொன்னார்.

துரையும் அவர் மனைவியும் சைக்கிளிலேயே ஊர் சுற்றுகிறவர்கள். பாண்டிச்சேரியில் ஆரம்பித்து, மலையேறி, அந்தப் பக்கம் ஆத்தூரில் இறங்கிச் சேலம் போவதாகத் திட்டம். வெள்ளிமலையில் அந்தம்மாவின் பின்சக்கரம் போய்விட்டது. அதோடு முந்தின நாளிலிருந்து அவருக்குக் காய்ச்சல். கையில் இருந்த மாத்திரை தீர்ந்துபோனது. சக்கரத்தைச் சரிசெய்து, மாத்திரையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் பஸ் ஏறியிருக்கிறார். அந்தம்மாவுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பின்னறையில் படுத்திருக்கிறார்.

மாத்திரை வாங்கியாகிவிட்டது. சக்கரமும் ஆகிவிட்டது. போகத்தான் வழியில்லை.

"ஜீப் எதுனா கெடைக்குமான்னு கேக்கறாரு மேஸ்திரி" என்றார் கிளார்க்.

"ஜீப்புக்காரன் எவன் எடுப்பான்? நேத்தே கச்சிராயபாளையம் ரோட்டுல ஒரு லாரிக் கண்ணாடி போச்சி. இன்னிக்கி பஸ்ஸு வந்தப்புறம் பாலத்துக்கிட்ட ரோட்டயே தோண்டி வெச்சிருக்கானுங்க."

போஸ்ட் ஆபீஸில் போய் போனுக்கும் முயன்று பார்த்தார்கள். மலைக்கு லைன் கிடைக்கவில்லை. துரை திரும்பி வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவர் கோபப்படவில்லை, கத்தவுமில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சைக்கிளில் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் விடியற்காலை என் வாடகைச் சைக்கிள் ஒன்றில், பின்னால் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு. சைக்கிளை வெள்ளிமலையில் விட்டுவிடட்டும், அப்புறம் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதைக் கேட்டதும் துரை பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வழியைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அந்த நோட்டில் முன்பக்கம் முழுக்க அவர் ஊர் வழிகள். வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெண்டு பேரும் சைக்கிளில் போய்வந்த கிராமத்து வழிகள். ஒரு வரிக்கு ஒரு திருப்பம். கிளார்க் படித்துச் சொன்னார்.

"சர்ச், எடது பக்கம். கல்லுப் பாலம், நேரா. சாராயக்கட, சோத்துக்கைப் பக்கம்."

"சாராயக்கடய வெச்சா வழி சொல்றாங்க?"

"நம்ம ஊர்ல மட்டும் இன்னாவாம்? ஒயின்ஷாப்புக்குப் பின்னாடின்னு நீயே சொல்லல?"

அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ரோடு ஒரு மாட்டுவண்டி அகலம்தானாம். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பச்சை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு. சின்னச் சின்ன மேடு, ஏறி இறங்கினால் ஒரு கிராமம், அங்கே ஒரு டீக்கடை. நாள் பூராவும் தூறிக்கொண்டே இருக்குமாம்.

"வேலின்னா நம்ம வேலிகாத்தான் மாதிரியா?"

"முள்ளு இருக்குதாம். ஆனா பூ பூக்குமாம்."

"சரி, இவங்க எதுக்குப் போறாங்க? அந்த ஊர்ல இன்னா வேல?"

கிளார்க் அதைக் கேட்டுச் சொன்னார். "வேல ஒண்ணும் இல்லியாம். போறதுதான் வேலயாம்."

வேலை இல்லாமல் சைக்கிள் மிதிக்கிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. இவர் வழியையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார், நான் எழுதாமலே தலையில் வைத்திருக்கிறேன். யார் பெரியவன்?

நேர் வழியில் அனுப்பியிருக்கலாம். தோண்டின பள்ளத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறினால் போதும், ஒற்றை ஆளை, அதுவும் ஒரு வெள்ளைக்காரரை, யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். கிளார்க் அதைத்தான் சொன்னார். எனக்கு அது வழி என்றே தோன்றவில்லை. பஸ் போகிற வழியைக் காட்ட நான் எதற்கு? என் ஏழாவது வழியைச் சொன்னேன். சேலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், வலது பக்கம் வண்டிப்பாதையில் இறங்கி, ஏரிக்கரை மேலாகப் போய், கோமுகி அணை வாய்க்கால் கரையைப் பிடித்தால் கச்சிராயபாளையத்துக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேரலாம். அங்கிருந்து மலை. ஒரு கல் கூட விழாத வழி.

ஊர்ப் பெயர்களை எழுதினால் அவருக்குப் பயனில்லை, போர்டெல்லாம் தமிழில். அதனால் டயர் சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் படமாகப் போட்டேன். எந்தெந்த இடத்தில் திரும்ப வேண்டுமோ அங்கே என்ன மரம் நிற்கிறதோ அந்த மரம். முதல் திருப்பத்தில் மூன்று புளியமரம் சேர்ந்தாற்போல, பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அடுத்ததில் ஒற்றை வேம்பு. அப்புறம் ரெட்டைப் பனை. எனக்கு வழி என்றால் மரம்தான். பஞ்சர் ஒட்டப் போன காலத்தில் நிழலில்லாத இடத்தில் நான் எங்கே சைக்கிளைப் படுக்கப் போட்டேன்? எல்லாத் திருப்பத்தையும் நிழலை வைத்துத்தான் மனசில் போட்டிருந்தேன்.

"நீயும் கூடப் போய்ட்டு வந்துடேன் மேஸ்திரி" என்றார் கிளார்க். "அந்தம்மா ஜொரத்துல கெடக்குது."

"கடய யாரு பாக்கறது? இந்தப் படத்த வெச்சிக்கினு கண்ணு தெரியாதவன் கூடப் போவான்."

"மெய்யாலுமா?"

"நாளைக்கு உச்சிக்குள்ள துரை மலையில அந்தம்மா கையில மாத்திரையக் குடுக்கல, எம் மீசைய எடுத்துர்றேன்."

"பாத்துக்கோ. உம் மொகத்துல பாக்கற மாதிரி இருக்கறதே அது ஒண்ணுதான்."

அன்றைக்கு என் மீசை இரண்டு பக்கமும் முறுக்கி நின்றது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அதைத் தெரியாதவர் கம்மி.

துரை அன்றிரவு கடையிலேயே பெஞ்சில் படுத்துக்கொண்டார். விடிந்தும் விடியாமலும் கிளம்பினார். போகும்போது படத்தை எடுத்து என்னிடம் ஒருமுறை காட்டி, விரலால் மரம் மரமாகத் தொட்டார். நான் "கரெக்ட், கரெக்ட்" என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அதற்குள் வாடகைச் சைக்கிளுக்கு ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். நான் அவரை மறந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

பத்து மணிக்குச் சின்னசேலம் பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முன் டயர் வெடித்திருந்தது. ரோடெல்லாம் மரம், முள்ளில் ஏறிவிட்டது என்றார்.

"மரமா? எந்த மரம்?"

"எந்த மரத்தங்க சொல்றது? ராத்திரியோட ராத்திரியா வெட்டிச் சாச்சிட்டாங்க. சேலம் ரோடு மொத்தமும் புளியமரமாக் கெடக்குது. இன்னொண்ணு கேளுங்க, நைனார்பாளையம் போற வழியில ஒரு வெள்ளக்காரன். கையில ஒரு காயிதத்த வெச்சிக்கினு மரத்த மரத்தப் பாத்துக்கினு நிக்கறான். பயித்தியமோ இன்னாவோ."

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நைனார்பாளையம் எங்கே இருக்கிறது, வெள்ளிமலை எங்கே இருக்கிறது! மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

பால்காரரின் டயரைக் கிளார்க்கிடமே விட்டுவிட்டு, கடையில் மிச்சமிருந்த என் சொந்த சைக்கிளை எடுத்தேன். "மேஸ்திரி, எனக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாதுப்பா" என்று அவர் பின்னால் கத்தினது கேட்டது. படித்தவர்தானே, ஒட்டட்டும்.

எட்டு இடத்திலாவது சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டினேன். அப்போது நாற்பது வயது எனக்கு. இந்த ஊரில் அந்த வயதில் என்னை மிதியில் ஜெயித்தவன் கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் நைனார்பாளையத்துக்கு இந்தப் பக்கம் அவரைப் பிடித்துவிட்டேன்.

ரோட்டோரம் மூன்று புளியமரம் சேர்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயிலும் இருந்தது. அதன் நிழலில் துரை. அவரைச் சுற்றி இருபது பேர். கையில் யாரோ கொடுத்த மோர்ச் செம்பு. நடந்தது பிறகுதான் விளங்கியது. அவர் சேலம் ரோட்டில் மூன்று மரத்தைத் தேடித் தேடிப் போயிருக்கிறார். மரம் நின்ற இடத்தில் மரம் இல்லை. வெட்டிப் போட்டதில் கோயிலும் தழைக்குள் மறைந்துவிட்டது. போனார், போனார், கடைசியில் ஆட்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறார். நம் ஆட்களிடம் வழி கேட்டால் தெரியாது என்று சொல்வார்களா? இது நம் நைனார்பாளையம் வழிப் புளியமரமாச்சே என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கூடவே சைக்கிளில் வந்து கொண்டுவந்து சேர்த்தே விட்டிருக்கிறார்.

"எங்க ஊரு மரந்தாங்க இது" என்றார் ஒரு பெரியவர், என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "பாருங்க, நடு மரத்துல கெள ஒடஞ்சிருக்குதே, அத்தக் கூட வுடாம வரஞ்சிருக்காரு. கெட்டிக்காரரு."

அது கிளை இல்லை. என் பென்சில் வழுக்கின இடம்.

"இந்தப் படம் நான் போட்டதுங்க. இது சேலம் ரோட்டு மரம்."

"எதுக்கு வீண் பேச்சு? மரம் எதுர நிக்குது, பாத்துக்கினே இல்லன்றியே."

துரை என்னைக் கண்டதும் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைக் காட்டினார். "ஃபீவர்" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். "கம்" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினேன்.

வந்த வழியே சேலம் ரோட்டுக்குத் திரும்பி, என் முதல் திருப்பத்துக்கு வந்தபோது உச்சி தாண்டிவிட்டது. அங்கே ரோட்டின் குறுக்கே அடிமரங்கள் கிடந்தன. பத்துப் பதினைந்து பேர் அதன்மேல் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என் கடையில் வாடகைச் சைக்கிள் எடுக்கிறவன். அன்றைக்கு எடுத்த சைக்கிளும் அவன் பக்கத்தில்தான் நின்றது.

"இன்னா மேஸ்திரி, வெள்ளக்காரன வேற கூட்டியாந்துட்ட? அவருக்கும் ஒதுக்கீடு வோணுமாமா?"

"அவரு பொண்டாட்டி மலையில ஜொரத்துல கெடக்குது. வழிய வுடு."

"வழி எங்க அடச்சிருக்குது? பஸ்ஸுக்குத்தான் இல்ல. சைக்கிளத் தூக்கிக்கினு தாண்டுங்க."

"இங்க மூணு புளியமரம் இருந்துதே?"

"இருந்துது. நீ ஒரு கால வெச்சிக்கினு நிக்கறியே, அதான் நடு மரம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் காலை எடுத்துக்கொண்டேன். துரைக்குப் பேச்சு விளங்கவில்லை, ஆனால் தரையைப் பார்த்தார், அடிமரத்தைப் பார்த்தார், தழைக்கு நடுவே தெரிந்த கோயில் நெற்றியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். பென்சிலால் மூன்று மரத்தின்மேலும் ஒரு கோடு அடித்து, கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். சீட்டாடியவர்களில் ரெண்டு பேர் எழுந்து வந்து அவர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "பாத்துப் போங்க தொர, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றான் என் வாடகைக்காரன். விளங்காவிட்டாலும் அவர் நன்றி சொன்னார்.

அதற்கப்புறம் வழியில் தப்பு இல்லை. ஏரிக்கரையும் வாய்க்கால் கரையும் நான் சொன்னபடியே இருந்தன. ஒற்றை வேம்பும் ரெட்டைப் பனையும் கூட நின்றன. ரோட்டோரம் இல்லாத மரத்தை யார் வெட்டுவார்கள்? கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஆளுக்கு ஒரு கழி வாங்கிக் கடித்துக்கொண்டே போனோம். மலை ஏறத் தொடங்கும்போது மூன்று மணி இருக்கும்.

மலை ரோட்டில் நான் இறங்கித் தள்ளினேன். எல்லாரும் தள்ளுகிற ரோடு அது. துரை தள்ளவில்லை. என் வாடகைச் சைக்கிளோ இருபத்துநாலு இஞ்ச், இரும்புக் கனம், கியர் கிடையாது, பின்னால் ஒரு சக்கரம் வேறு. அதில் உட்கார்ந்தபடியே, எட்டுப் போடுவது போல் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைந்து வளைந்து ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நின்று எனக்காகக் காத்திருந்தார். முகத்தில் அவசரம் தெரிந்தது, ஆனாலும் நின்றார். நான்காவது வளைவில் அவர் நிற்கக் கூடாது என்று கையால் விரட்டினேன். "கோ, கோ" என்றேன். அங்கிருந்து வழி ஒன்றுதான், இனித் தவறிப்போக முடியாது. அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த மலையில் எனக்கு முன்னால் ஏறிப் போனவர் அவர் ஒருவர்தான்.

நான் வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மளிகைக் கடைப் பின்னறையில் அந்தம்மா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். முகம் செவந்து, உதடு வெடித்துப் போயிருந்தது. கடைக்காரர் மனைவி சாமைக் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துரை கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தண்ணீர்க் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை உள்ளே போய்விட்டது.

கடைக்காரர் மனைவி என்னிடம்தான் பாய்ந்தார். "நேத்து சாயங்காலத்துல இருந்து இந்தம்மா ரோட்டுக்கும் வூட்டுக்கும் நடந்துக்கினு கெடக்குது. ஜொரத்தோட! இன்னிக்கி மத்தியானம் வளைவுகிட்ட வுழுந்தே பூட்டுது, நாலு பேரு தூக்கியாந்தோம். காலையிலேயே கெளம்பினாராமே, இவ்ளோ நேரமா?"

உச்சிக்குள் வந்திருந்தால் அந்தம்மா விழுந்திருக்க மாட்டார். அதைக் கணக்குப் போட மூன்றாம் வகுப்பே போதும்.

காய்ச்சல் இறங்க ரெண்டு நாள் ஆயிற்று. என் தொடையும் ரெண்டு நாள் என்னை நகரவிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்தம்மா எழுந்து, சக்கரத்தை வாங்கி, ஆக்ஸிலை ரெண்டு விரலால் பிடித்துச் சுற்றிவிட்டார். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். ஒரு சத்தமும் வரவில்லை. என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். என் வேலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, சக்கரம் சொல்லிவிட்டது.

அவர்கள் கருமந்துறைப் பக்கமாக ஆத்தூருக்கு இறங்க வேண்டும். துரை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முதல் தடவை அப்படி ஒரு வழி சொன்னவனிடமே திரும்பவும் கேட்கிறாரே என்று இருந்தது. இந்தத் தடவை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பாறை, கிணறு, கோயில், ஓடை, வளைவு என்று மண்ணில் வரைந்து காட்டிச் சொன்னேன். மரம் நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கிவிட்டேன். அவர் ஒவ்வொன்றையும் தன் நோட்டில் படமாகப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ரெண்டு பேரும் ரெண்டு சைக்கிளில் போனார்கள்.

நான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியபோது பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. கிளார்க் கடை வாசலிலேயே நின்றார். எல்லாம் கேட்டுக்கொண்டார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"வுடு மேஸ்திரி. மீச பேச்செல்லாம் தமாசுக்கு."

"நான் தமாசுக்குச் சொல்லல."

நேராகச் சலூனுக்குப் போனேன். நாவிதர் ரெண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கத்தியை வைத்தார். வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசல்படியில் நின்று, "யாருங்க, வூட்டுல ஆம்பள இல்ல, அப்பறம் வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மணி நேரம் சிரித்தாள். மீசை திரும்ப வளர்ந்துவிட்டது. முறுக்கு மட்டும் பழையபடி நிற்கவில்லை.

நாலைந்து மாசம் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு கவர் வந்தது. வெள்ளிமலையிலிருந்து என் வாடகைச் சைக்கிள் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் என்று ஞாபகம். எழுத்து ஒன்றும் இல்லை, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு நீளக் காகிதம், அதில் வழி. கீழே ஒரு ரயில் ஸ்டேஷன், மேலே ஒரு சின்ன வீடு, வாசலில் ரெண்டு சைக்கிள். நடுவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம். சர்ச் கோபுரம், இடது. கல்லுப் பாலம், நேராக. தொங்குகிற பலகையில் குடிக்கிற கோப்பை போட்ட கடை, வலது. ஒரு கிணறு, ஒரு கல் குதிரை, ஒரு மணிக்கூண்டு.

கிளார்க் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரு பூராவும் பச்சையா இருக்குமுன்னு சொன்னாரு" என்றார். "ஒரு மரம் கூடப் போடலியே மேஸ்திரி."

அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு இன்றைக்கும் கடையில் மாட்டி வைத்திருக்கிறேன். நான் அந்த ஊருக்குப் போனதில்லை, இனிப் போகப் போவதுமில்லை. ஆனால் என்னை அந்த ஸ்டேஷனில் இறக்கி ஒரு சைக்கிளைக் கொடுத்துப் பாருங்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன்.